சம்பளமா, மனசுக்குப் பிடித்த வேலையா? சென்னையில் வேலை மாறுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் உள்ள வரிக் கணக்குகள் 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி போட்டவை. பழைய முறையில் வீட்டு வாடகைப் படியும் வீட்டுக்கடன் வட்டியும் கழிப்பவர்கள் தங்கள் கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சம்பளம் முக்கியமா, மனநிறைவு முக்கியமா? நேராகச் சொல்லுங்கள்.

உங்கள் வீடு எவ்வளவு ரூபாயில் கடனில்லாமல் ஓடும் என்பது தெரிந்தால் நேராகச் சொல்லிவிடலாம். அந்தத் தொகையை அடிமட்டத் தொகை என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய சம்பளம் அதற்குக் கீழே இருந்தால் சம்பளம்தான் முக்கியம். அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. மாதக் கடைசியில் நகையை அடகு வைக்க ஓடும் வீட்டில் எந்த வேலையும் மனநிறைவு தராது. சம்பளம் அடிமட்டத்துக்கு மேலே போய்விட்டது என்றால் கேள்வியே மாறுகிறது: கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் எத்தனை மணி நேரம், எவ்வளவு தூக்கம், எந்த மாதிரி வேலையைக் கொடுக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும்.

அடிமட்டத் தொகையை எப்படிக் கணக்கிடுவது?

கடந்த 12 மாத வங்கிக் கணக்கு விவரத்தை எடுங்கள். மூன்று மாதம் போதாது, ஏனென்றால் பள்ளிக் கட்டணமும் தீபாவளியும் அதில் விழாமல் போய்விடும். முதலில் மாதச் செலவு: வாடகை, மளிகை, பால், கேஸ், பெட்ரோல், செல்போன், கடன் தவணை, அப்பா அம்மாவின் மருந்து, சீட்டுப் பணம். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் பாதியாக்கிக் கொள்ளுங்கள். கோடையில் தண்ணீர் லாரி வாங்கும் பகுதியில் இருந்தால் அதையும் சேருங்கள்.

அடுத்தது வருடத்தில் ஓரிரு முறை வரும் செலவு. பெரும்பாலானவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். பள்ளிக் கட்டணம் 80,000, வண்டி மற்றும் ஆயுள் காப்பீடு 24,000, தீபாவளியும் பொங்கலும் 30,000, ஊருக்குப் போய்வருவதும் மொய்யும் 16,000 என்று வைத்தால் மொத்தம் 1,50,000. அதை 12-ஆல் வகுத்தால் மாதம் 12,500 ரூபாய். ‘மாதம் 50,000 போதும்’ என்று மனக்கணக்கு போட்டவருக்கு உண்மையில் 62,500 தேவைப்படுகிறது. இதன் மேல் எதிர்பாராத செலவுக்கு 10 சதவீதம் கூட்டினால் 68,750. இதுதான் அடிமட்டத் தொகை. புது கார், வெளிநாட்டுப் பயணம் போன்ற ஆசைகளை இதில் கலக்காதீர்கள். அவற்றுக்குத் தனித்தாள் போடுங்கள்.

12 லட்சத்திலிருந்து 18 லட்சத்துக்கு ஆஃபர் வந்திருக்கிறது. மாதம் 50,000 கூடுதலாக வரும் இல்லையா?

வராது. சிடிசி என்பது உங்களுக்காக நிறுவனம் ஒதுக்கும் மொத்தத் தொகை. அதில் பாதி விஷயங்கள் உங்கள் கைக்கு மாதா மாதம் வருவதில்லை. ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். இரண்டிலும் அடிப்படைச் சம்பளம் சிடிசியில் பாதி, நிறுவனத்தின் பிஎஃப் பங்கு குறைந்தபட்ச அளவான மாதம் 1,800 என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய வேலை, 12 லட்சம். இதில் நிறுவனத்தின் பிஎஃப் 21,600, கிராஜுவிட்டிக்கு (வேலையை விட்டு விலகும்போது தரும் பணிக்கொடை) ஒதுக்கிய, அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், அதாவது 28,860. மீதி 11,49,540. நிலையான கழிவு 75,000 போனால் வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் நிற்பதால் வரி இல்லை. உங்கள் பிஎஃப் பங்கு 21,600-ம், சென்னை மாநகராட்சித் தொழில் வரி அரையாண்டுக்கு 1,250 வீதம் 2,500-ம் போக, மாதம் கையில் சுமார் 93,800.

புது வேலை, 18 லட்சம். இதில் 10 சதவீதம் ‘வேரியபிள்’, அதாவது 1,80,000. பிஎஃப் 21,600, கிராஜுவிட்டி 43,290, குழுக் காப்பீட்டு பிரீமியம் 20,000. இவையெல்லாம் போக மீதி 15,35,110. வரியும் செஸ்ஸும் சேர்த்து சுமார் 1,03,000. பிஎஃப்பும் தொழில் வரியும் போனபின் மாதம் கையில் சுமார் 1,17,300.

வித்தியாசம் 23,500 ரூபாய். வேரியபிள் முழுதாகக் கிடைத்தால் வரி போக வருடத்துக்கு இன்னும் 1,50,000 அளவுக்கு வரலாம். ஆனால் நிறுவனத்தின் லாபத்தையும் உங்கள் ரேட்டிங்கையும் பொறுத்த தொகை அது. அதை நம்பி இஎம்ஐ போடக் கூடாது. கடந்த இரண்டு ஆண்டுகளில் வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுக்கப்பட்டது என்று எச்ஆரிடம் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை. பதில் மழுப்பலாக வந்தால் பாதி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஆஃபரில் பிஎஃப் 1,800 ரூபாயா, அடிப்படைச் சம்பளத்தில் முழு 12 சதவீதமா என்பதையும் பாருங்கள். முழு 12 சதவீதம் பிடித்தால் கையில் வருவது குறையும். ஆனால் அது உங்கள் சேமிப்புதான், நஷ்டமில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டும் பகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும். அதனால் பழைய சம்பளச் சீட்டை வைத்துப் புது ஆஃபரை ஒப்பிட்டால் சில தொகைகள் பொருந்தாது. கையில் வருவது எவ்வளவு, பிஎஃப்பில் சேர்வது எவ்வளவு என்ற இரண்டை மட்டும் ஒப்பிடுங்கள்.

இந்த 23,500 ரூபாய் அந்த வேலைக்குத் தகுமா என்று எப்படிப் பார்ப்பது?

மணிக்கணக்கில் பாருங்கள். இப்போது வீட்டை விட்டுக் கிளம்பி வீடு திரும்ப தினமும் 10 மணி நேரம், மாதம் 22 நாள் என்றால் 220 மணி நேரம். 93,800-ஐ வகுத்தால் மணிக்கு 426 ரூபாய். புது அலுவலகம் சிறுசேரி சிப்காட்டில், வீடு அம்பத்தூரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணமும் மாலை நேர போன் மீட்டிங்குகளும் சேர்ந்து தினமும் மூன்று மணி நேரம் கூடினால் மாதம் 286 மணி நேரம். 1,17,300-ஐ வகுத்தால் மணிக்கு 410 ரூபாய். சம்பளம் கூடியிருக்கிறது, ஆனால் உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை குறைந்திருக்கிறது. சேர்த்துக் கொடுக்கும் 66 மணி நேரத்துக்குக் கிடைப்பது மணிக்கு 356 ரூபாய்தான்.

அதே அலுவலகம், வீடு பக்கத்திலேயே உள்ள கேளம்பாக்கத்தில் என்றால் கணக்கு தலைகீழாக மாறும். ஒருவருக்குச் சரியான ஆஃபர் இன்னொருவருக்குத் தவறாவது இப்படித்தான்.

பயண நேரத்தை மேப்பில் ஞாயிற்றுக்கிழமை பார்க்காதீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குக் கிளம்பிப் போய், மாலை ஆறரைக்குத் திரும்பிப் பாருங்கள். மாதவரத்திலிருந்து சிப்காட் வரைக்குமான மெட்ரோ மூன்றாம் வழித்தடப் பணி சிறுசேரிக்குப் போகும் ஓஎம்ஆர் சாலையில் நடக்கும்வரை சாலை இப்படித்தான் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழை நாட்களில் வேளச்சேரி, பள்ளிக்கரணை வழியாகப் போகிறவர்கள் இன்னும் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். அலுவலகப் பக்கம் குடிபெயரலாம் என்றால் வாடகை வித்தியாசம், புது அட்வான்ஸ், பிள்ளைகளின் பள்ளி மாற்றம் மூன்றையும் கணக்கில் கொண்டு வாருங்கள்.

நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் சேர்ந்தால் நல்ல தொகை வருகிறதே?

அலவன்ஸை அடிமட்டத் தொகைக்குள் கொண்டு வராதீர்கள். புராஜெக்ட் மாறிப் பகல் ஷிஃப்டுக்கு வந்த மாதமே அது நின்றுவிடும்.

ஓர் அளவுக்கு மேல் பணம் மகிழ்ச்சி தராது என்று ஆராய்ச்சி சொல்கிறதாமே?

பாதிதான் உண்மை. 2010-ல் டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் இருவரும் அமெரிக்கத் தரவுகளை வைத்து எழுதிய ஆய்வில், வருடம் சுமார் 75,000 டாலருக்கு மேல் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்று வந்தது. 2021-ல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் வேறு விதமாக அளந்து, கூடிக்கொண்டே போகிறது என்றார். பிறகு கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் பார்பரா மெல்லர்ஸுடன் சேர்ந்து 2023-ல் வெளியிட்ட கட்டுரையில் முடிச்சு அவிழ்ந்தது: பெரும்பாலானவர்களுக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடுகிறது. ஏற்கெனவே மிகவும் மகிழ்ச்சியற்று இருக்கும் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஓர் அளவுக்கு மேல் பணம் உதவுவதில்லை.

அவர்கள் பேசிய டாலர் எல்லையைச் சென்னைக்கு மாற்றிப் போட்டுக் குழம்ப வேண்டாம். நமக்கு உதவும் செய்தி இரண்டு. ரூபாய் அளவைவிட உயர்வின் விகிதம்தான் உணரப்படுகிறது: 40,000 வாங்குபவருக்கு 20,000 கூடுவது வாழ்க்கையையே மாற்றும், 2 லட்சம் வாங்குபவருக்கு அது மாற்றாது. இன்னொன்று, மன அழுத்தம், பிரிவு, துக்கம், நோய் என்று வேறு காரணத்தால் வாடும்போது சம்பள உயர்வை மருந்தாக எண்ணி வேலை மாறினால் அந்த வாட்டம் கூடவே வரும்.

மனநிறைவு என்றால் என்ன? எனக்கு அது இல்லை என்பது மட்டும்தான் தெரிகிறது.

இந்த நிலையில்தான் நிறையப் பேர் இருக்கிறார்கள். இல்லாதது எது என்று பெயர் சொல்ல முடியாதவரை வேலை மாறாதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரின் கோட்பாடு இதை மூன்றாகப் பிரிக்கிறது: நம் வேலையை நாமே முடிவுசெய்யும் சுதந்திரம், கைவந்த திறமையைக் காட்ட இடம், கூட இருப்பவர்களோடு ஒட்டுதல். நான்காவதாக, செய்த வேலை யாருக்காவது பயன்பட்டது கண்ணால் தெரிவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

15 வேலை நாட்களுக்கு ஒரு சிறு நோட்டில் எழுதுங்கள். நாளுக்கு மூன்று வரி போதும்: இன்று நேரம் போனதே தெரியாமல் செய்த வேலை எது, எரிச்சலோடு தள்ளிப்போட்டது எது, அந்த எரிச்சலுக்குக் காரணம் வேலையா, ஆளா, நேரமா. அன்றிரவே எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை மொத்தமாக எழுதினால் அந்த வாரத்தில் கடைசியாக நடந்த சண்டைதான் எல்லா நாளுக்கும் நிறம் பூசும். ஆண்டு மதிப்பீடு நடக்கும் வாரங்களையும் மென்பொருள் ரிலீஸ் வாரத்தையும் தவிர்த்து ஆரம்பியுங்கள்.

முடிவில் எண்ணிப் பாருங்கள். ‘ஆள்’ என்பது பாதிக்கு மேல் வந்தால் உங்களுக்குத் தேவை வேறு டீம், வேறு துறை அல்ல. ‘நேரம்’ என்று வந்தால் பயணத்தையும் ஷிஃப்டையும் சரிசெய்யப் பாருங்கள். ‘வேலை’ என்றே திரும்பத் திரும்ப வந்தால்தான் துறை மாறுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஐடியை விட்டு ஆசிரியர் வேலைக்குப் போக ஆசை. சரியாக வருமா?

விரும்பும் வேலையின் சலிப்பான பகுதியைப் பார்த்தபின் சொல்லுங்கள். ஆசிரியர் என்றால் வகுப்பறை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. நோட்டுத் திருத்துவதும், பெற்றோர் கூட்டமும், பதிவேடுகளும் தெரிவதில்லை. இரண்டு சனிக்கிழமை ஒரு பள்ளியில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள், அல்லது மாலை நேர இலவசப் பாடசாலை ஒன்றில் மூன்று மாதம் தவறாமல் சொல்லிக்கொடுங்கள். ‘தவறாமல்’ என்பதுதான் சோதனை. தகுதி விஷயத்திலும் தெளிவு வேண்டும்: பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு, எட்டாம் வகுப்பு வரை எடுக்க ஆசிரியர் தகுதித் தேர்வும் தேவை. அந்த இரண்டு ஆண்டுகளின் வருமானத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்.

குறைந்த சம்பளத்துக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டேன். ராஜினாமா செய்யும் முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் மூன்று முதல் ஆறு மாதம் புதுச் சம்பளத்திலேயே வாழ்ந்து பாருங்கள். இப்போது 94,000 வருகிறது, புது வேலையில் 65,000 வரும் என்றால், சம்பள நாளன்றே 29,000-ஐ வேறு வங்கிக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வையுங்கள். மாதக் கடைசியில் அதை எடுக்க வேண்டி வந்ததா? எந்தச் செலவுக்கு? அந்த விடைதான் உங்கள் உண்மையான தடை. எடுக்காமல் ஆறு மாதம் ஓட்டினால் 1,74,000 சேர்ந்திருக்கும், அவசர நிதியில் ஒரு பகுதி கைக்கு வந்ததுபோல. அடிமட்டத் தொகையின் ஆறு மடங்கு கையிருப்பு இருக்க வேண்டும். அப்பா அம்மா உங்களை நம்பி இருந்தால் ஒன்பது மடங்காக்குங்கள்.

இரண்டாவது, மருத்துவக் காப்பீடு. நிறுவனத்தின் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு நின்றுவிடும், பெற்றோருக்கானதும் சேர்த்து. தனிநபர் பாலிசி எடுத்தால் முதல் 30 நாள் விபத்து தவிர வேறு எதற்கும் கிளெய்ம் கிடைக்காது, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்க வேண்டி வரலாம். அதனால் வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வழியும் உண்டு. காத்திருப்புக் காலத்தில் நீங்கள் கழித்த வருடங்கள் அதில் கணக்கில் வரும். இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளினால் நடக்காமல் போகும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை.

மூன்றாவது, பிஎஃப். எடுக்காதீர்கள், யுஏஎன் (உங்கள் நிரந்தர பிஎஃப் எண்) வழியாகப் புது நிறுவனத்துக்கு மாற்றுங்கள். தொடர்ச்சியாக ஐந்து ஆண்டு நிறையும் முன் எடுத்தால் வரி உண்டு. அதோடு ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு சேவை வேண்டும். இடையில் ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால் அந்த வருடங்கள் கணக்கிலிருந்து போய்விடும்.

நாலரை வருடம் ஆகிவிட்டது. கிராஜுவிட்டிக்காகக் காத்திருக்கலாமா?

காத்திருங்கள். அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால் 15/26 வீதம் (மாதத்தை 26 நாளாகக் கொண்டு வருடத்துக்கு 15 நாள் சம்பளம்) ஐந்து வருடத்துக்கு 1,44,231 ரூபாய். நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. ஆனாலும் முழு ஐந்து ஆண்டு முடிந்தால்தான் தருவோம் என்று சில நிறுவனங்கள் இழுத்தடிக்கின்றன. எச்ஆரிடம் மின்னஞ்சலில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, பதில் வந்தபின் ராஜினாமா தேதியை வையுங்கள். நிலையான கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்குப் புதிய சட்டத் தொகுப்பில் ஓராண்டிலேயே உரிமை உண்டு.

ஜாயினிங் போனஸ் 2 லட்சம் தருகிறார்கள். வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் செலவழிக்காதீர்கள். 12 அல்லது 24 மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று கடிதத்தில் இருக்கும். கைக்கு வந்தது வரி பிடித்த தொகை. திருப்பிக் கேட்பது பல நேரம் முழு 2 லட்சத்தையும். நோட்டீஸ் 90 நாளா, பணம் கட்டி முன்னதாக விலக இரு தரப்புக்கும் உரிமை உண்டா, நிறுவனத்துக்கு மட்டுமா என்பதையும் அதே கடிதத்தில் பாருங்கள். மனசுக்குப் பிடிக்காத வேலையில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டு நிபந்தனைகளால்தான்.

சம்பளம் கூடியதும் வீட்டுக்கடன் வாங்கிவிடலாமா?

இங்கேதான் மனம் பதைக்கிறது. 50 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதம் 43,391 ரூபாய். 1,17,300 வாங்கும்போது இது தாங்கும். 65,000 ரூபாய் வேலை ஒன்று நாளை மனசுக்குப் பிடித்து வந்தால் தாங்காது. அந்தக் கதவு 20 ஆண்டுக்கு மூடிவிடும். வங்கி எவ்வளவு தரத் தயார் என்பதைப் பார்க்காமல், நீங்கள் போக விரும்பும் குறைந்த சம்பளத்தில் எவ்வளவு தவணை கட்ட முடியும் என்று பாருங்கள். கணவன் மனைவி இருவரும் சம்பாதித்தால் ஒருவர் சம்பளத்தில் கட்டக்கூடிய தவணையோடு நிறுத்துங்கள். மாறும் வட்டிக் கடனாக இருந்தால் முன்கூட்டியே அடைக்கத் தனிநபருக்கு அபராதம் இல்லை. வரும் வேரியபிளை அசலில் கட்டிவிடுங்கள்.

வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். ‘பெண் பார்க்கும்போது சம்பளம் கேட்பார்களே’ என்கிறார் அம்மா.

அம்மாவின் கவலையில் நியாயம் இருக்கிறது, அதை மறுத்துப் பேச்சைத் தொடங்காதீர்கள். ‘எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு’ என்ற வாக்கியம் அப்பாவிடம் எடுபடாது. அவர் கேட்பது பாதுகாப்பை. அடிமட்டத் தொகை எழுதிய தாள், ஆறு மாதக் கையிருப்பு, காப்பீட்டு பாலிசி மூன்றையும் மேசையில் வைத்து, ‘உங்க மருந்துச் செலவு இதுல இருக்குப்பா, தங்கச்சி கல்யாணத்துக்கு மாசம் இவ்வளவு போகுது’ என்று காட்டுங்கள். கெடு ஒன்றும் சொல்லுங்கள்: 18 மாதத்தில் இன்ன நிலைக்கு வரவில்லை என்றால் பழைய துறைக்குத் திரும்புவேன் என்று. திருமணம் பேசும் இடத்தில் சம்பளத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். பிறகு அந்தப் பொய்ச் சம்பளத்துக்கே வேலை தேட வேண்டி வரும்.

இரண்டுக்கும் நடுவே வழியே இல்லையா?

உண்டு, கேட்பவர்கள்தான் குறைவு. கையில் ஆஃபர் இருக்கும்போது இப்போதைய மேலாளரிடம் சம்பளம் மட்டும் கேட்காதீர்கள். நோட்டில் வந்த விடையை வைத்துக் கேளுங்கள்: வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து, அல்லது சப்போர்ட்டிலிருந்து டெவலப்மென்ட்டுக்கு, அல்லது இரவு ஒன்பதுக்கு மேல் போன் மீட்டிங் இல்லாமல். என்றிலிருந்து என்ற தேதியோடு மின்னஞ்சலில் வாங்குங்கள். ‘அடுத்த குவார்ட்டர் பார்க்கலாம்’ என்றால் அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை சம்பளத்துக்கு, மனநிறைவு வெளியே என்று வைத்துக்கொள்வதும் கௌரவமான முடிவுதான். பெசன்ட் நகர் கடற்கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் நடந்து ஆமை முட்டைகளைக் காக்கும் தன்னார்வலர்களில் பலர் பகலில் படிப்பவர்களும் அலுவலகம் போகிறவர்களும்தான். இதற்கு ஒரே நிபந்தனை, வேலை மாலையில் முடிய வேண்டும். அதனால் இந்த வழியை எடுப்பவர்கள் இன்னும் கூடுதல் சம்பளத்தைவிட நேரம் நிலையாக இருக்கும் வேலையைத் தேட வேண்டும்.

தவறான முடிவு எடுத்துவிட்டேன் என்று மூன்றே மாதத்தில் தோன்றுகிறது. என்ன செய்ய?

மூன்று மாதத்தில் எந்தப் புது இடமும் அந்நியமாகத்தான் இருக்கும். ஆறாவது மாதம் அந்த 15 நாள் நோட்டை மறுபடி எழுதிப் பழையதோடு ஒப்பிடுங்கள். உடம்பு கெடுகிறது, சம்பளம் தாமதமாகிறது, சொன்ன வேலை வேறு கொடுத்த வேலை வேறு என்றால் காத்திருக்க வேண்டாம்.

திரும்பும் வழியைக் கிளம்பும்போதே திறந்து வையுங்கள். பழைய இடத்தில் கடைசி நாள்வரை வேலையை ஒழுங்காக ஒப்படையுங்கள். ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, கடைசி மூன்று சம்பளச் சீட்டு, படிவம் 16 எல்லாவற்றையும் சொந்த மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். நிலுவைத் தொகையை இரண்டு வேலை நாளில் தர வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், ஒரு மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் வைத்துக்கொண்டே கிளம்புங்கள். யுஏஎன் தளத்தில் பழைய நிறுவனம் உங்கள் விலகல் தேதியைப் பதிவு செய்துவிட்டதா என்று இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள். பதிவாகாமல் இருந்தால் பிஎஃப் மாற்றம் அங்கேயே நின்றுவிடும்.